களியை மெல்லக் கற்றுக்கொள்வது

போன மாதம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எடை குறைய ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். பஸ்ஸில் வழியெல்லாம் நுரைநுரையாக எச்சில் துப்பிக்கொண்டே வந்திருக்கிறார். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்த மாதிரி அடைக்கிறது என்றார்.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ரெண்டு வாய் களிதான் மேடம்."

"மென்னு சாப்பிட்டீங்களா?"

"களிய யாரு மேடம் மெல்லுவாங்க?"

நியாயமான கேள்வி. நம் வட ஆற்காட்டு வீடுகளில் கேழ்வரகுக் களியை உருட்டி, கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ தோய்த்து, அப்படியே விழுங்கத்தான் சின்ன வயதிலிருந்து பழக்குகிறார்கள். பழைய இரைப்பை அதைத் தாங்கியது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். அதில் 100 முதல் 150 மில்லி, அதாவது ஒரு டீ கிளாஸ் அளவுதான் பிடிக்கும். எடை குறையச் செய்யும் இன்னொரு அறுவை சிகிச்சையான இரைப்பை பைபாஸ் என்றால் தொடக்கத்தில் 30 மில்லிதான். அதற்குள் மெல்லாத உருண்டை போனால் நின்றுவிடும். நுரை அதனால்தான்.

பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும், வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான் சுரந்துகொண்டிருந்தது. அதனால் இவருக்கும் பசி வெகுவாகக் குறைந்திருந்தது. வேகம் மட்டும் குறையவில்லை. காரணம் கேட்டேன். ஷூ கம்பெனியில் பதினைந்து வருடம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கை கழுவும் வரிசை போக மிஞ்சுவது பத்து நிமிஷம். 'மெதுவாகச் சாப்பிடுங்கள்' என்று நாங்கள் தரும் உணவுக் குறிப்புத் தாளில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இது மாறிவிடுமா? மாறாது. எதிரே உட்கார்ந்து பழக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடைப்பு இறங்கி, டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, மறுநாள் அரை இட்லியை வைத்து உட்கார்ந்தோம். சுண்டைக்காய் அளவு பிட்டு வாயில் வைத்ததும் கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைக்கச் சொன்னேன். இருபது, இருபத்தைந்து தடவை மென்று கூழானதும் விழுங்க வேண்டும். அது இறங்கின பிறகுதான் அடுத்த வாய்க்குக் கை போகலாம். மூன்றாவது வாயிலேயே கை தானாகத் தட்டுக்குப் போனது. அவரே பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். அரை இட்லிக்கு இருபது நிமிஷம் ஆனது. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். பாதியில் ஒரு விக்கல் வந்தது. விக்கல், மூக்கில் நீர், மார்புக்குக் கீழே லேசான அழுத்தம், இதில் எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள். "இன்னும் ரெண்டு வாய்தானே" என்று யார் சொன்னாலும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களும் தயவுசெய்து அப்படி ஊட்டாதீர்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஆனால் வேலூர் வெயிலில் தண்ணீரை மறந்தால் மயக்கம்தான். நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாள் வாந்தி நிற்காவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடம்பில் பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பு பாதிக்கும். கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த அறுவை சிகிச்சை நடந்ததை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கம்பெனிச் சாப்பாடு. மத்தியானம் ஒரே வேளையில் முடிக்க வேண்டாம் என்று பிரித்தோம். டீ நேரத்தில் ஒரு முட்டை, மத்தியானம் நான்கு ஸ்பூன் குழைந்த பருப்புச் சாதம், சாயங்காலம் கொஞ்சம் சுண்டல். போன வாரம் வந்தார். களியை விடவில்லையாம். கிள்ளிக் கிள்ளி மெல்கிறாராம். வீட்டுக்காரர் முதலில் சாப்பிட்டு எழுந்து போய்விடுவாராம். இப்போது கை காய்ந்தாலும் பரவாயில்லை என்று, இவர் முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.