வேகமாக வளரும் புல் பனியில் ஏன் மடிகிறது?

வேகமாக வளரும் புல்லையே பனியையும் தாங்கும்படி உருவாக்க முடியாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வடக்கு ஐரோப்பாவில் இது பழைய கேள்வி. அங்கே கறவை மாடுகளுக்கு உகந்த பல்லாண்டு ரைப்புல், நார்வேயின் கடுங்குளிரில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இலையுதிர் காலத்திலும் ஓயாமல் வளரும் செடி, உறைபனிக்காகச் சேமிக்க வேண்டிய சர்க்கரையைப் புது இலைகளுக்கே செலவிட்டுவிடுகிறது.

வேகமான வளர்ச்சி, குளிர் தாங்கும் திறன் ஆகிய இப்பண்புகள் குரோமோசோம்களில் எங்கே இருக்கின்றன என்று தேட, மாறுபட்ட இரு செடிகளைக் கலப்பினம் செய்து, ஏழு இணைக் குரோமோசோம்களின் எந்தத் துண்டு எந்தச் சந்ததிக்குப் போயிற்று என்பதை டி.என்.ஏ. குறிப்பான்களால் (இடத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. வேறுபாடுகளால்) கண்டறிகிறார்கள். ஒரு துண்டைப் பெற்றவை மற்றவற்றைவிடத் தொடர்ந்து உயரமாக வளர்ந்தால், வளர்ச்சி மரபணு அதன் அருகில் இருக்கிறது என்று புள்ளியியல் சொல்லும்.

குளிர் தாங்கும் திறனை அளப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உறையவைத்துச் சோதித்தால் செடி செத்துவிடக்கூடும். ஆனால் புல் தூர் கட்டுகிற பயிர் என்பதால், ஒரே செடியின் தூர்களைப் பிரித்து நட்டு, அதே மரபுடைய பல நகல்களைப் பெற்று, ஒன்றை வயலிலும் இன்னொன்றை உறைபெட்டியிலும் வைக்கலாம். உறைந்த இலைத்துண்டுகளை நீரிலிட்டால், கிழிந்த செல்சவ்வுகளின் வழியே அயனிகள் கசிந்து நீரின் மின்கடத்து திறன் உயரும். பிறகு அதே துண்டுகளைக் கொதிக்கவைத்து, எஞ்சியதையும் கசியவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டால் சேதம் எண்ணாகக் கிடைத்துவிடும். செத்ததா பிழைத்ததா என்று கண்ணால் பார்ப்பதைவிட இது எவ்வளவோ நுட்பமானது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இரண்டு பண்புகளும் ஒரே இடத்தைச் சுட்டினால், அங்கே இருவேலை செய்யும் ஒரு மரபணு இருக்கலாம். அடுத்தடுத்து அமர்ந்த இரண்டும் இருக்கலாம். இரண்டாக இருந்தால், போதிய சந்ததிகளை வளர்த்தால், இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம் என்றாவது அவற்றைப் பிரித்துவிடும். ஒன்றாக இருந்தால் பிரிக்க வழியில்லை.

ஒரு மரபணுவா இரண்டா என்ற இதே போன்ற வழக்கு, கோதுமையில் பூக்கும் காலத்தையும் உறைபனித் தாங்குதலையும் பற்றிப் பல ஆண்டுகள் நடந்தது. பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கும் வி.ஆர்.என்.1 மரபணுவை இழந்த பிறழ்வுச் செடிகள் உறைபனியைக் கூடுதலாகத் தாங்கியதால், அந்த ஒரே மரபணுவே இரண்டையும் ஆள்கிறது என்ற முடிவு வலுப்பெற்றது. ரைப்புல்லில் அதற்கு ஒத்த மரபணு 4ஆம் குரோமோசோமில் உள்ளது. கோதுமைக்குத் தாராளமாக நிதி தரும் அரசுகள், மாடு தின்னும் புல்லுக்கும் சற்று மனம் வைக்கலாம் என்பது என் கருத்து. ஏனெனில் கோதுமையில் தெரிந்ததைப் புல்லிலும் தனியே சோதித்துத்தான் நம்ப வேண்டும். புல்லிலும் அப்படித்தான் என்றால், வளர்ப்பாளர்கள் அந்த இடத்தை விட்டு, குளிர் பட்டதும் காப்பு மரபணுக்களை இயக்கும் சி.பி.எஃப். தொகுதியின் பக்கம் திரும்பலாம். ரைப்புல்லின் நெருங்கிய உறவான புல்வெளி ஃபெஸ்க்யூ என்ற புல்லில், 5ஆம் குரோமோசோமில் அதற்கு நேரான பகுதி உறைபனித் தாங்குதலோடு தொடர்புடையதாக வரைபடங்களில் ஏற்கனவே பதிவாகியிருக்கிறது.