பைவாயமைப்பு: 'மார்சுபியலைசேஷன்' என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

தாடை எலும்புக்குள் நீர் கோத்து வளரும் பையை முழுவதுமாகத் தோண்டி எடுக்காமல், அதன் சுவரில் ஒரு சாளரம் வெட்டி, வெட்டிய விளிம்பை வாயின் உட்தோலோடு சேர்த்துத் தைத்து, உள்ளிருக்கும் நீர் வாய்க்குள் வடியும்படி விடுகின்ற சிறு அறுவையைப் பல் மருத்துவர்கள் 'மார்சுபியலைசேஷன்' என்கிறார்கள். செருமானிய அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892இல் இதனை விவரித்தமையால் 'பார்ட்ஷ் முறை' என்ற பெயரும் உண்டு.

இச்சொல்லின் வேர், கிரேக்கத்தில் சிறு பையைக் குறித்து, இலத்தீனில் 'மார்சுப்பியம்' என்று வழங்கிய காசுப்பை. கங்காரு இனத்தின் வயிற்றுப்பைக்கு வந்த பெயரும் அதுவே. செட்டிநாட்டில் இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆச்சிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையே மார்சுப்பியம்.

இத்தகைய பைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சிஸ்ட்' என்பதைக் காரைக்குடிப் பக்கம் 'நீர்க்கட்டி' என்கிறோம். 'கட்டி' என்று கேட்டவுடன் நோயாளியின் மனம் புற்றுநோய்க்குப் போய்விடுகிறது. உள்ளே பெரும்பாலும் நீரே இருக்க, திண்மையைச் சொல்லும் சொல் எதற்கு? மூலமான 'கிஸ்டிஸ்' என்ற கிரேக்கச் சொல் பையையும் சிறுநீர்ப்பையையும் ஒருங்கே குறித்தது. ஆதலால் 'தாடை நீர்ப்பை' என்பதே பொருத்தம்.

மார்சுபியலைசேஷனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பையாக்கம்' என்று வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீர்ப்பை முன்னமே பைதான். அறுவை அதற்குப் புதிதாகத் தருவது வாய் ஒன்றையே. கிணற்றுக்கும் பானைக்கும் வாய் சொல்லும் நம் மொழியில் 'பைவாயமைப்பு' என்பது செய்கையை அப்படியே காட்டுகிறது. பையின் வாய் மனிதனின் வாய்க்குள்ளேயே திறக்கும்போது சொல்லின் இரு பொருளும் ஓரிடத்தில் கூடுகின்றன.

மூடிய பைக்குள் நீரின் அழுத்தம் எலும்பை நெருக்குவதால்தான் நீர்ப்பை பெரிதாகிறது; வாய் திறந்தவுடன் அழுத்தம் தணிந்து, சுற்றிலும் புதிய எலும்பு வளர, குழி மாதக்கணக்கில் மெல்லச் சுருங்குகிறது. கீழ்த்தாடை நரம்பும், முளைக்கக் காத்திருக்கும் பல்லும் சேதமின்றித் தப்புவதே இதன் பெரும்பயன். ஆனால் சுருக்குப்பையின் வாய் நாடா இழுத்தால் மூடுவதுபோல, இந்த வாயும் தசை ஆறும்போது தானே சுருங்கப் பார்க்கும். அதனால் முதலில் மருந்துத் துணியும் பின்னர் அளவெடுத்துச் செய்த அடைப்பும் வைக்கிறார்கள்; நோயாளியும் ஊசியில்லாப் பீச்சுகுழலால் நாள்தோறும் குழியைக் கழுவ வேண்டும். பையின் உட்சுவர் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுவது இம்முறையின் குறை. வெட்டிய துண்டைத் திசு ஆய்வுக்கு அனுப்புவதும், சிலருக்குக் குழி சுருங்கிய பின் மீதிப் பையை அகற்றுவதும் அதனாலேயே. மீதியை எடுக்கும் அந்த இரண்டாம் அறுவைக்கு 'நீர்ப்பை அகற்றம்' என்று தனிப்பெயர் தருவது நல்லது. பைவாயமைப்போடு அதைக் கலந்து எழுதினால், இரண்டாம் முறை மருத்துவமனைக்கு அழைக்கப்படும் நோயாளி முதல் அறுவை தவறிவிட்டதென்று அஞ்சுவார்.