பதறத் தெரியாத மீன்

ஒரு ஸீப்ரா மீனை வலையில் அள்ளிப் புதுத் தொட்டியில் விட்டுப் பாருங்கள். நேரே அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். செவுள் மட்டும் படபடவென்று அடிக்கும். சில நிமிடங்களில் மெல்ல மேலே ஏறி, தொட்டியை நோட்டம் விடும். மீனின் பதற்றத்தை அளக்க ஆய்வகங்களில் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள். ஃப்ளூவாக்ஸெடின் கலந்த தண்ணீரில் சில நாள் இருந்த மீனோ சீக்கிரமே மேலே வந்துவிடுகிறது.

ஃப்ளூவாக்ஸெடின் என்றால் ப்ரோசாக். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனச்சோர்வு மாத்திரை. நமக்கான மருந்துக்கு மீன் ஏன் மசிய வேண்டும்? நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளியே விட்ட செரட்டோனின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதம் மீன் மூளையிலும் உண்டு. மருந்து போய் அதை அடைத்துவிடுகிறது. வெளியே செரட்டோனின் தேங்குகிறது.

சரி, பதற்றத்துக்கு வருவோம். ஆபத்து என்றதும் மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை உசுப்பும். பிட்யூட்டரி ரத்தத்தில் ஒரு ஹார்மோனை அனுப்பும். கடைசியில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கும். நமக்கு இந்தக் கடைசி வேலையைச் செய்வது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. மீனுக்கு அப்படித் தனிச் சுரப்பி கிடையாது; தலையை ஒட்டிய சிறுநீரகப் பகுதிக்குள்ளேயே அந்தச் செல்கள் கலந்து கிடக்கின்றன. இந்தச் சங்கிலியின் உச்சியிலேயே செரட்டோனினுக்குக் கை உண்டு. கார்டிசாலை ஏதோ வில்லன்போலப் பேசுகிறோம், பாவம். தப்பி ஓடும் உடம்புக்குச் சர்க்கரையைத் திரட்டித் தருவதே அதுதான்.

மருந்து மீனிடம் போவது ஆய்வகத்தில் மட்டுமல்ல. சிறுநீரில் வெளியேறி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் தாண்டி ஆற்றுக்குப் போகிறது. டெக்சஸில் கழிவுநீர் கலக்கும் ஓடை ஒன்றில் பிடித்த மீன்களின் மூளையிலும் ஈரலிலும் தசையிலும் அது இருந்ததாக 2005இல் ஓர் ஆய்வு வெளியானது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்டது இன்னும் விசித்திரம். ஸீப்ரா மீன்களுக்கு வாழ்வின் முதல் 6 நாள் மட்டும் மருந்துத் தண்ணீர். கொடுத்துப் பார்த்த அளவுகளில் ஒன்று லிட்டருக்கு 54 மைக்ரோகிராம். மருந்து எடுக்கும் கர்ப்பிணிகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் காணப்படுவதை ஒட்டியது. அப்புறம் நல்ல தண்ணீர்தான். ஆனால் வளர்ந்தபின் சிரமம் கொடுத்தபோது கார்டிசால் வழக்கம்போல ஏறவில்லை. மருந்தையே பார்க்காத அடுத்த மூன்று தலைமுறைகளிலும், குறிப்பாக ஆண் மீன்களில், இந்த மந்தம் தொடர்ந்தது. (மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மீன் வேறு, நாம் வேறு.)

கார்டிசால் குறைந்தால் தைரியம் கூடியிருக்க வேண்டுமே? அந்த ஆண் மீன்களிடம் சுற்றிப் பார்க்கும் துருதுருப்பும் குறைந்திருந்தது.