ஏமாந்துபோன ஓய்வுக்காலப் பணத்துக்கு வருமான வரியில் கழிவு உண்டா?

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் உழைத்து 55 வயதைத் தொட்டவருக்கு இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுக்க வழி திறக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் "மாதம் 10 விழுக்காடு லாபம்" என்று ஆள் வந்து நிற்கிறான். பணம் போன பிறகு, இந்த நட்டத்தை வருமான வரியில் கழிக்கலாமா என்ற கேள்வி எழுகிறது.

முடியாது. வருமானம் ஈட்டுவதற்காகவே செய்த செலவைத்தான் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கழிக்க விடுகிறது. பறிபோன சேமிப்பு மூலதன இழப்பு. போலீஸ் புகார் கையில் இருந்தாலும் அதற்குக் கழிவு கிடையாது. 55 வயதில் எடுக்கும் இபிஎஃப் பணத்துக்கு வரி இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

பிஆர்எஸ் எனும் தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் நிலைமை வேறு. 55 வயதுக்கு முன் எடுத்தால் 8 விழுக்காடு வரி உண்டு. 20,000 வெள்ளி எடுத்தால் 1,600 வெள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். மரணம், நிரந்தர உடல் ஊனம், கடும் நோய், நாட்டைவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்தல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. வீடு, மருத்துவத் தேவைகளுக்கும் வழி இருக்கிறது. ஏமாற்றப்பட்டவருக்கு விலக்கு இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி இதுதான். "பிஆர்எஸ்ஸை எடுத்து இதில் போடுங்கள்" என்று சொல்லும் ஆலோசகர் இந்த 8 விழுக்காட்டைப் பற்றி வாய் திறக்காவிட்டால், அவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் இரண்டாவது அடி வரும். "உங்கள் லாபம் தயார், வரி கட்டினால் விடுவிப்போம்" என்பார்கள். வருமான வரி வாரியம் எந்தத் தனிநபரின் வங்கிக் கணக்கு வழியாகவும் வரி வாங்குவதில்லை. வாரியத்தின் மைடெக்ஸ் இணையத் தளத்தில் நுழைந்து உங்கள் பெயரில் நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, இந்தப் பொய் வரியையும் கட்டிவிடுகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.

சரி, பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள், பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். உரிமம் பெற்ற ஆலோசகர் தவறாக வழிகாட்டியிருந்தால், முதலில் அவருடைய நிறுவனத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால், 2025 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்புக்குக் கட்டணமில்லாமல் போகலாம். 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. உரிமம் இல்லாதவரிடம் கொடுத்த பணத்துக்கு அந்த வழி கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன்பே பங்குச் சந்தை ஆணையத்தின் உரிமப் பட்டியலிலும் எச்சரிக்கைப் பட்டியலிலும் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.