தேறிவந்தவருக்கு மீண்டும் காய்ச்சல் வந்தால்

மழைக்கால ஃப்ளூவோடு வந்த கொத்தனார் அவர். வயது 50-ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரை நோய்கூட இல்லை. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா பரவியதால் வென்டிலேட்டர் வைக்க வேண்டியதாயிற்று. நான்காம் நாள் ஆக்சிஜன் தேவை குறைந்தது. இன்னும் இரண்டு நாளில் குழாயை எடுத்துவிடலாம் என்று அவருடைய மனைவியிடம் சொன்னேன். ஆறாம் நாள் காலையில் மறுபடியும் காய்ச்சல். உறிஞ்சியெடுத்த சளியில் ரத்தக் கீற்று.

இந்தக் கட்டத்தில் புதிதாக ஒரு பாக்டீரியா தொற்றியிருக்கும் என்று கருதி ஆன்டிபயாட்டிக்கை மாற்றுவோம். பல நேரம் அது சரிதான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. மூச்சுக்குழாயைப் பார்க்க உதவும் கேமரா குழாயான பிராங்கோஸ்கோப்பை உள்ளே செலுத்திப் பார்த்தோம். மூச்சுக்குழாயின் சிவந்த சுவரில் பால் ஏடுபோல வெள்ளைத் திட்டுகள் ஒட்டியிருந்தன. தொட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், பூஞ்சையின் செல்சுவரிலிருந்து வரும் காலக்டோமன்னன் என்ற பொருளின் அளவு கூடியிருந்தது. சில நாளில் வளர்ப்புத் தட்டில் சாம்பல் பச்சையாகப் பொடி பூத்தது. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை.

“கருப்புப் பூஞ்சையா டாக்டர்?” என்று அந்த அம்மா நடுங்கிப்போய்க் கேட்டார். 2021-இல் பார்த்த கோரம் யாருக்கும் மறக்கவில்லை. அது மியூகோர் வகை. பெரும்பாலும் மூக்கையும் கண்ணையும் தாக்கியது. இது வேறு. ஆஸ்பர்ஜில்லஸின் வித்துகள் மண்ணிலும் மக்கிய இலையிலும் பழைய சுவர்த் தூசியிலும் இருக்கின்றன. இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான் என்பதால் நுரையீரலின் அடி ஆழம்வரை போய்விடும். நாம் எல்லோரும் தினமும் அவற்றைச் சுவாசிக்கிறோம். உடம்பு சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. கடுமையான ஃப்ளூ மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிடுகிறது, காவல் அணுக்களையும் தளர்த்திவிடுகிறது. வித்து முளைக்க அதுவே போதும்.

அவருக்கு இன்னொன்றும் நடந்திருந்தது. எங்களிடம் வருவதற்கு முன், மருந்துச் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையை நான்கு நாள் விழுங்கியிருந்தார். ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளில் டெக்ஸாமெத்தசோன் உயிர் காத்ததை 2020-இல் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு காட்டியது. அதை வைத்து எந்தக் காய்ச்சலுக்கும் நாமே வாங்கி விழுங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். கையெடுத்துக் கேட்கிறேன்.

2018-இல் பெல்ஜியம், நெதர்லாந்து மருத்துவர்கள், கடும் ஃப்ளூவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 432 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். அவர்களில் 19 சதவீதத்தினருக்கு இந்தப் பூஞ்சை இருந்தது. நோய் எதிர்ப்பு குன்றாதவர்களிலேயே 14 சதவீதம். பூஞ்சை பிடித்தவர்களில் பாதிப் பேர் 90 நாளுக்குள் இறந்துபோனார்கள். இது புற்றுநோயாளிகளுக்கும் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கும் மட்டும் வருவது என்று படித்து வளர்ந்த எங்கள் தலைமுறை அந்த எண்களைப் பார்த்துத் திகைத்தது.

நோயாளியின் வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேறிவந்தவர் திடீரெனப் பின்வாங்கினால், “பூஞ்சைக்குப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் நுரையீரலைக் கழுவிய நீரில் அகப்படுவதுண்டு. ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்தப் பேச்சு எழும் வாய்ப்பே குறையும்.

கொத்தனாருக்கு வோரிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தொடங்கினோம். இரண்டாம் நாள் சுவரில் நிறங்கள் ஓடுவதாகக் கையால் எழுதிக் காட்டினார். அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு, பயப்பட வேண்டாம் என்றேன். ரத்தத்தில் மருந்தின் அளவையும் ஈரலையும் விடாமல் பார்த்துக்கொண்டோம். மூன்று வாரம் கழித்து நடந்தே வெளியே போனார். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போதான் போட வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது, பழைய சுவர் இடிக்கும் வேலைக்கு இப்போதைக்குப் போகவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன். கரணையை எப்போது பிடிக்கலாம் என்று கேட்டார். முதலில் 12 வாரம் மருந்து முடியட்டும் என்றேன்.