எந்த மாதத்து வருமானம்?

வங்கியின் கடன் விண்ணப்பப் படிவத்தில் 'மாத வருமானம்' என்று ஒரு கட்டம் இருக்கும். திருகோணமலையில் கடன் பிரிவில் இருந்த 11 வருடங்களில் அந்தக் கட்டத்தை எத்தனையோ பேருக்காக நிரப்பியிருக்கிறேன். ஒருநாள் திருக்கடலூரிலிருந்து வந்த ஓர் அம்மாவிடமும் வழக்கம்போலக் கேட்டேன்.

"மாசம் எவ்வளவு வருமானம் வரும் அம்மா?"

"எந்த மாசம் பிள்ளை?"

என்னிடம் பதில் இல்லை. அவருடைய வீட்டில் ஒரு ஃபைபர் படகு. கணவரும் மூத்த மகனும் தொழிலுக்குப் போகிறார்கள். ஆனி ஆடியில் நன்றாகப் பிடிபட்டால் ஒரு கிழமையில் வரும் காசு, மார்கழி முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் இருந்தாலும் வராது. கட்டத்தில் ஒரு சராசரியை எழுதினேன். அந்தச் சராசரியை வைத்துக் கடனும் கொடுத்தோம். வாடை தொடங்கியதும் கட்டுக்காசு தவறியது. தவறு அவரிடம் இல்லை, நான் போட்ட கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

நம்முடைய ஊருக்கு வருடம் இரண்டு பாதி. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் இடம் கொடுக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வருவார்கள். விடுதியில் வேலை செய்பவர், ஆட்டோ ஓடுபவர், புறாத்தீவுக்குப் படகு விடுபவர், மீன் வாங்கி விற்பவர், ஐஸ் கொண்டுபோய்க் கொடுப்பவர் எல்லோர் கையிலும் காசு புழங்கும். ஐப்பசியில் மழை தொடங்கி, வாடை அடித்து, கடல் கொந்தளித்தால் இத்தனை பேருக்கும் ஒன்றாகவே வருமானம் படுத்துவிடும். ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கலாம். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் கஷ்டம் என்றால் எங்கே போவது? அதனால்தான் அடகுக் கடைக்குப் போகிறார்கள், கிழமைக் கடன்காரரிடம் போகிறார்கள்.

செலவு மட்டும் வருமானத்துக்கு நேர் எதிராக வரும். தீபாவளி, நத்தார், பள்ளிக்கூடப் புத்தகப் பை, சப்பாத்து, பொங்கல் எல்லாம் வாடைக்குள்தான். சம்பளத்தில் இத்தனை வீதம் சேமியுங்கள் என்று எழுதப்படும் ஆலோசனைகள் மாதம் முடிந்தால் சம்பளம் வருபவருக்கானவை. ஆசிரியருக்கும் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்பவருக்கும் அவை உதவும். திருக்கடலூர், சல்லி போன்ற மீன்பிடி ஊர்களுக்கு உதவாது.

அந்த அம்மாவோடு உட்கார்ந்து நான் போட்ட கணக்கு இது. எண்களைப் புரிவதற்காக உருட்டித் தருகிறேன். நல்ல 6 மாதமும் எண்ணெய், வலை, ஐஸ் செலவு போக மாதம் 90,000 ரூபா. வாடை 6 மாதமும் கருவாடு, கூலி வேலை என்று மாதம் 15,000 ரூபா. கூட்டினால் வருடத்துக்கு 6,30,000. அதை 12 ஆல் பிரித்தால் 52,500. இந்த வீட்டின் உண்மையான மாதச் சம்பளம் அதுதான். ஆனி மாதம் 90,000 கையில் இருக்கும்போதும் இந்த வீடு 52,500 ரூபா வீடுதான். மிச்சம் 37,500 மார்கழிக்குச் சொந்தம். அதை ஆனியில் தொட்டால், மார்கழியில் அதே தொகையை வட்டியோடு வேறொருவரிடம் வாங்கவேண்டி வரும்.

சரி, அந்த 37,500 ஐ எங்கே வைப்பது? சேமிப்புப் புத்தகத்தில் போட்டால் அட்டையைச் செருகி எடுத்துவிடுவோம். நான் சொன்ன வழி 6 மாத நிலையான வைப்பு. ஏப்ரலில் ஒன்று போடுங்கள், அது ஒக்டோபரில் முதிரும். மேயில் போட்டது நவம்பரில், ஜூனில் போட்டது டிசம்பரில், ஜூலையில் போட்டது ஜனவரியில், ஓகஸ்டில் போட்டது பெப்ரவரியில், செப்டெம்பரில் போட்டது மார்ச்சில். நல்ல மாதம் ஒவ்வொன்றும் அதற்கு எதிரே இருக்கும் கெட்ட மாதத்துக்குச் சோறு போடுகிறது. இதைக் கடதாசியில் கோடு போட்டு இணைத்துக் காட்டியபோது அந்த அம்மா விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவிப் பார்த்தார். "ஆடி தைக்குப் போகுது" என்றார்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைத் தவறவிட்டால் திட்டம் முழுவதும் கெட்டுவிடும். வைப்புத் திறக்கும்போது பல வங்கிகளில் 'முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கவும்' என்று குறித்துவிடுவார்கள். அப்படிக் குறித்தால் டிசம்பரில் வரவேண்டிய காசு இன்னும் 6 மாதத்துக்குப் பூட்டுப்பட்டுவிடும். முதலும் வட்டியும் முதிர்வு நாளில் என் சேமிப்புக் கணக்குக்கு வரவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். குறைந்தபட்சத் தொகை வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் அவசரம் வந்தால் வைப்பை உடைக்காமல் அதன் பேரில் கடன் எடுக்கலாம்.

வட்டியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. காசு வீட்டில் இருந்தால் கேட்பவருக்கு இல்லையென்று சொல்ல நம்மால் முடியாது. தம்பியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, பக்கத்து வீட்டுக்காரரின் இயந்திரம் பழுது, கோயில் திருவிழா. 'பாங்கில் கட்டிப் போட்டன், மார்கழியில்தான் எடுக்கலாம்' என்பது பொய்யில்லாத பதில், யாரையும் நோகடிக்காத பதில்.

முதல் வருடத்தில் இதைச் செய்வது கடினம். ஏற்கெனவே கடன் இருக்கும், நகை உள்ளே இருக்கும். சித்திரையில் கையில் காசு வந்ததும் எல்லோரும் முதலில் தாலிக்கொடியை மீட்க ஓடுவார்கள். அந்த மனம் எனக்குப் புரிகிறது. என்றாலும் கணக்கு வேறு வரிசை சொல்கிறது. கிழமைக் கட்டுக்காசுக் கடன் ஒன்றைப் பாருங்கள்: 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை, மொத்தம் 65,000. '30 வீதம் வட்டி' என்று சொல்லித் தருவார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டுகிறீர்கள். 50,000 ரூபாவை வருடம் முழுவதும் நீங்கள் வைத்திருக்கவே இல்லை. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் போட்டால் வருட வட்டி ஏறத்தாழ 54 வீதம். வங்கி அடகு வட்டி அதற்குக் கிட்டவும் வராது. ஆகவே அடகின் தவணையும் ஏல நாளும் தூரத்தில் இருந்தால் வட்டியை மட்டும் கட்டி நகையைக் காப்பாற்றுங்கள், கிழமைக் கடனை முதலில் முடியுங்கள்.

2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. திருகோணமலையும் அதில் ஒன்று. அந்தக் கடன்களில் மாட்டிய பெண்களை நான் மேசைக்கு எதிரே கண்டிருக்கிறேன். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. வருமானம் நின்றுபோன கார்த்திகையிலும் திங்கட்கிழமை தவறாமல் வாசலில் ஆள் நிற்கும். வருடத்தில் பாதி நாள் உழைக்கும் வீட்டுக்கு 52 கிழமையும் சமமாகக் கட்டும் கடன் பொருந்தாது. கடன் கேட்கும்போதே, 'எனக்கு நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வட்டி மட்டும் கட்ட வழி உண்டா?' என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் தரமாட்டார்கள். ஆனால் கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

சீட்டும் அப்படித்தான். தெருவுக்குள் நம்பிக்கையானவர் பிடிக்கும் சீட்டை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 12 மாதச் சீட்டில் வாடைக்குள் பிந்துபவர்கள்தான் அதிகம். சித்திரையில் தொடங்கி புரட்டாதியில் முடியும் 6 பேர் சீட்டாகப் பிடித்துப் பாருங்கள்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. பவுண் விலை ஏறியதால் அதே வளையலுக்கு இப்போது கூடுதலாக அடகுக் காசு தருகிறார்கள். அது வருமானம் கிடையாது, பெரிய கடன். தேவைப்பட்ட தொகையை மட்டும் எடுங்கள். எல்லா நகையையும் வீட்டு அலுமாரியில் வைக்கவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 இல் கரையோரத்தில் எத்தனை வீட்டு நகை கடலோடு போனது என்பதை இந்த ஊருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வங்கிப் புத்தகம் நனைந்தால் வேறு புத்தகம் வாங்கலாம்.

ஆறு வைப்பும் ஓடத் தொடங்கியபின் ஏழாவதாக ஒன்று வேண்டும் என்பேன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். நல்ல பருவத்திலேயே படகுகள் கரையில் கிடந்தன. அப்படி ஒரு வருடம் வந்தால் தாக்குப்பிடிக்க ஒரு மாதச் செலவையாவது தனியே வைத்திருக்கவேண்டும். ஒரே வருடத்தில் சேராது, மூன்று வருடம் எடுத்தாலும் சரி.

காசை எங்கே போடக்கூடாது என்பதும் சொல்லவேண்டும். ஆடி ஆவணியில் நம் கையில் காசு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. மாதம் 20 வீதம் லாபம், கைபேசிச் செயலி, இரண்டு பேரைச் சேர்த்தால் கொமிஷன் என்று வருபவர்களும் அந்த மாதங்களில்தான் வருகிறார்கள். ஆள் சேர்த்துப் பணம் பண்ணும் பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது. அப்படி ஆட்களைச் சேர்ப்பது குற்றம். சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, நேரே போய்க் கேட்கலாம். மத்திய வங்கி உரிமம் பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் போடும் வைப்புக்கு ஓர் ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் போடும் காசு அந்தக் காப்புறுதிக்குள் வராது. சங்கம் நல்லதாக இருக்கலாம். ஆனாலும் வித்தியாசம் தெரிந்து போடுங்கள்.

2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பவர் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் கழிக்காமல் விடுவார்கள். நம்மில் பெரும்பாலான வீடுகள் அந்த எல்லைக்குள்தான். படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

விடுதிகளில் பருவத்துக்கு மட்டும் வேலை செய்யும் தங்கச்சிமாருக்கு: தற்காலிக வேலை, நாட்சம்பளம் என்றாலும் ஊழியர் சேமலாப நிதி உங்களுக்கும் உரியது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். உறுப்பினர் இலக்கம் தராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். தம்பலகாமம், மூதூர் வயல்காரருக்கு வருமானம் இரண்டு வெட்டில் வருவதால் மாதங்கள் மாறும், கணக்கு அதேதான்.

அந்த அம்மா போன வருடம் 6 வைப்பில் 5 தான் போட்டார். ஓகஸ்டில் படகின் இயந்திரம் பழுதாகி அந்த மாதக் காசு அதற்குப் போய்விட்டது. அதனால் பெப்ரவரியில் கை வெறுமை. ஒரு மோதிரத்தை மட்டும் அடகு வைத்தார், தாலிக்கொடி கழுத்திலேயே இருந்தது. ஏப்ரல் முதல் கிழமையில் மோதிரத்தை மீட்டுக்கொண்டு என்னிடம் வந்து, இந்த முறை ஓகஸ்ட் வைப்பை ஜூலையிலேயே பாதி போட்டுவிடலாமா என்று கேட்டார். போடலாம் அம்மா, 7 மாதத்துக்குத் தருகிறார்களா என்று கேட்போம், தராவிட்டால் 6 மாதத்துக்குப் போட்டுவிட்டு ஜனவரியில் ஒரு மாத வைப்பாக மாற்றுவோம் என்றேன். கைப்பையிலிருந்து பேனையை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.