ஓட்டு இல்லை என்று தெரிந்த நாளில் வக்கீல் எதற்கு?

வாக்குப்பதிவு நாளன்று தேர்தல் வழக்குகள் நடத்தும் வக்கீல்களின் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. "அட்டை கையில் இருக்கிறது, பட்டியலில் பேர் இல்லை என்கிறார்கள் சார். இன்றைக்கே கோர்ட்டில் ஏதாவது வாங்க முடியுமா?" பெரும்பாலும் இதே கேள்விதான். முடியாது என்றால் என் மேல் கோபம் வருகிறது. கோபம் நியாயமானதுதான், ஆனால் அதற்கான நாள் எப்போதோ போய்விட்டது.

இந்தியத் தேர்தல்களை முக்கியமாக இரண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்கள் ஆள்கின்றன. வாக்காளர் பட்டியலுக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டம். வேட்புமனு, வாக்குப்பதிவு, தேர்தல் வழக்கு ஆகியவற்றுக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டம். வாக்காளர் அட்டை நீங்கள் யார் என்பதை மட்டுமே காட்டும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு. அந்தப் பட்டியலில் வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு, தேர்தல் முடியும்வரை, யாரையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்கிறது 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23(3) பிரிவு. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. விளம்பர வண்டிகள் தெருவுக்கு வந்து சேரும் முன்பே பட்டியல் மூடிவிட்டது. அதற்குள் பெயர் சேர்க்கக் கோரும் படிவம் 6 கொடுத்திருந்தால் மட்டும் போதாது, அதன்மேல் உத்தரவும் ஆகியிருக்க வேண்டும். வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8.

'இந்த முகவரியில் இல்லை' என்று ஒருவரை நீக்குவதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதும் சட்டம். கேட்காமல் நீக்கினால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அங்கும் சரிப்படாவிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இந்த வழியில் வருபவர்கள் மிகக் குறைவு. வரைவுப் பட்டியல் வெளியாகும் வாரத்தில் யாரும் என்னைக் கூப்பிட்டதாக நினைவில்லை.

நம் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டால் என்ன செய்வது? ஒரு சினிமாவின் புண்ணியத்தில் 49பி (49P) என்ற விதி எண் ஊருக்கே தெரியும். அதில் கிடைப்பது இயந்திர வாக்கு அல்ல, காகித வாக்குச்சீட்டு. அது தனி உறையில் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. பின்னால் நீதிமன்றம் கேட்டால்தான் உறை திறக்கும். ஆனாலும் கேட்டு வாங்குங்கள், கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு எழுத்தில் நிற்கும் சான்று அது.

தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடக் கூடாது என்பதை உறுதியாக்கிய வழக்கு நம் நாமக்கல்லில் இருந்து போனதுதான். முதல் பொதுத்தேர்தலின்போது பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவை அங்கே நிராகரித்தார்கள். அவர் ரிட் மனுவோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். அரசியலமைப்பின் 329(ஆ) பிரிவைக் காட்டி, முடிவு வந்த பிறகு, அந்த முடிவை எதிர்க்கும் தேர்தல் மனுவாக மட்டுமே இதைக் கேட்க முடியும் என்று 1952 ஜனவரியில் தீர்ப்பானது. ஆளாளுக்கு ஒரு தடை உத்தரவு வாங்கினால் எந்தத் தேர்தலும் முடியாது. அந்த வகையில் தீர்ப்பு சரிதான். ஆனால் தவறாக நிராகரிக்கப்பட்ட வேட்பாளருக்கு அதில் ஆறுதல் ஏதும் இல்லை.

தேர்தல் மனுவை உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் எவரும் போடலாம். வெற்றி அறிவித்த நாளிலிருந்து 45 நாள்தான் கெடு. மற்ற வழக்குகளில் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கச் சொல்வோமே, அது இங்கே செல்லாது. 2,000 ரூபாய் காப்புத்தொகை கட்டாவிட்டால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே மனு தள்ளுபடி.

உள்ளே போன மனுவும் சுலபத்தில் வெளியே வராது. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, முடியாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்கு வித்தியாசம். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறு எண்ணிக்கையே நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் பதவிக்காலமே முடிந்துபோயிற்று. இதை நான் நீதி என்று சொல்ல மாட்டேன்.

மனுவில் எழுதாத குற்றச்சாட்டை விசாரணையின்போது புதிதாகச் சேர்ப்பதும் அநேகமாக நடக்காது. எந்தச் சாவடி, எத்தனை மணி, யார் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியில் வேட்பாளரின் முகவருக்குத் தரும் 17சி படிவத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு அங்கேயே விட்டுவரும் முகவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாவடியில் பதிவான வாக்கு எத்தனை என்பதற்கு வேட்பாளர் கையில் இருக்கும் ஆவணம் அதுதான். வழக்கு எதுவும் இல்லையென்றால் 45 நாளுக்குப் பிறகு தேர்தல் காட்சிப்பதிவுகளை அழித்துவிடலாம் என்று 2025-இல் தேர்தல் ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்பதாவது நாள் வக்கீலைத் தேடாதீர்கள், முடிவு வந்த வாரத்திலேயே காகிதங்களோடு வாருங்கள்.